அசையாத புரதம்

ஒரு மூலிகைப் பட்டையில் உள்ள நாற்பது சேர்மங்களில் எது இதயத் தசையைக் காக்கும் என்று கணினியில் பொருத்திப் பார்ப்பது என் வேலை. இதயத்தைக் கெடுக்கும் புரதம் ஒன்று திரையில் நிற்கும். அதன் பள்ளத்தில் சேர்மம் சரியாகப் போய் உட்கார்ந்தால் புரதத்தின் ஆட்டம் அடங்கும். கணக்கு சீக்கிரம் முடிய வேண்டுமே என்று புரதத்தை அசையாமல் நிறுத்திவிடுவோம். சேர்மம்தான் வளைந்து நெளிந்து இடம் தேட வேண்டும்.

ஒருமுறை அலுவலகத்துக்கு வந்த என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அட, உங்கள மாதிரியே இருக்கே! நீங்க நின்ன இடத்துலயே நிப்பீங்க, மத்தவங்கதான் வளைஞ்சு குடுக்கணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தேன்.

அவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் போனில், "எப்ப வர்றே?" என்று கேட்பேன். "பாக்கலாம்" என்பாள். கட்டிலில் அவள் பக்கம் காலியாகக் கிடக்கிறது. நான் இன்னும் என் ஓரத்தில்தான் படுக்கிறேன்.

இன்று மதியம், நாற்பதும் தோற்றுப்போன எரிச்சலில், புரதத்தின் பள்ளத்து ஓரமாக நீட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு கிளையை மட்டும் அசைய விட்டேன். முதல் வாரமே நான் கழித்துக் கட்டிய பதினேழாவது சேர்மம் அலுங்காமல் போய் உட்கார்ந்துகொண்டது.

வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனை எடுத்தேன்.

"என்னங்க, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே?" என்றாள்.



"நான் அங்க வரட்டுமா?"