இரு பக்கமும் ஆயிரம் வாட்

உலகம் கவிழாமல் நிற்பது இரு பக்கமும் சமமாக இருப்பதால்தான். ராஜ்யங்கள் சரிந்ததும் குடும்பங்கள் பிரிந்ததும் கூட்டலில் பிசகியதால்தான் என்பது ஓய்வுபெற்ற ஆடிட்டரின் முடிந்த முடிவு. இந்தப் பேருண்மையை அவர் கடைசியாகச் சோதித்தது ஒரு ஹோம் தியேட்டரில்.

காரணம் மனைவி. பழைய ஸ்பீக்கர்களில் குண்டு வெடிக்கிறது, பேச்சு கேட்கவில்லை என்று அவர் படுக்கையறைக்குப் போய்விட்டார். கைபேசியில் தனியாகப் படம் பார்க்கிறார். சோபாவின் மறுபாதி காலியாகக் கிடந்தது ஆடிட்டரை உறுத்தியது. வாட் கூடினால் பேச்சும் கூடும் என்று கணக்குப் போட்டார். ஸ்பீக்கர்களுக்குச் சக்தி கொடுக்கும் ரிசீவரின் பெட்டியில் கொட்டை எழுத்தில் ஆயிரம் வாட். ஸ்பீக்கர் ஐந்து, தலைக்கு இருநூறு. வரவும் செலவும் நேர். கடைக்காரர் ஓம்ஸ் என்று ஏதோ இழுத்தபோது, தான் பார்க்காத கணக்கா என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

வீட்டில், முதல் துப்பாக்கிச் சத்தத்துக்கே ரிசீவர் மூச்சடங்கியது. படுக்கையறையிலிருந்து சிரிப்பு மட்டும் தெளிவாகக் கேட்டது.

மேடைகளுக்கு ஒலி அமைக்கும் மகளைப் போனில் பிடித்தார்.

"வாட்ஸைக் கூட்டக் கூடாதுப்பா. எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து பாடும்போது ரிசீவர் ஒண்ணுக்கு எவ்வளவு கொடுக்கும்னு பாருங்க. அதோட உங்க ஸ்பீக்கரோட தடை நாலு ஓம்ஸ்தான், தடை குறைஞ்சா கரண்டை உறிஞ்சித் தள்ளும். ரிசீவர் எட்டுக்குத்தான் தாங்கும்."

"அப்ப பெட்டியில போட்டிருக்கிற ஆயிரம்?"

"பொண்ணு பார்க்க வர்றப்ப சொல்ற சம்பளம் மாதிரிதான் அது."

ஆடிட்டரும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மறுநாள் கடைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து சொல்லும்படி கடைக்காரரையே கேட்டுக்கொண்டார். எட்டு ஓம்ஸ், நூறு வாட் ஸ்பீக்கர்களாக மாற்றி வந்தார். தரையில் குப்புறப் படுத்து ஒயர்களை மாட்டினார். படத்தைப் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். கெஞ்சினார் என்றும் சொல்லலாம்.

மனைவி வந்து சோபா நுனியில் உட்கார்ந்தார், எந்த நேரமும் எழுந்துவிடுகிறவராக. கொஞ்ச நேரத்தில் சாய்ந்தார். பிறகு காலை மடக்கிக்கொண்டார்.

"இப்பதாங்க ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. நாளைக்கும் ஒண்ணு போடுங்க."

ஆடிட்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சத்தத்தை இன்னும் கொஞ்சம் பதமாக்கலாம் என்று ரிசீவரின் ரிமோட்டை அழுத்தினார். ஒன்றும் மாறவில்லை. எட்டிப் பார்த்தார்.

ரிசீவரின் பிளக் சொருகப்படவே இல்லை. பேசிக்கொண்டிருந்தது டிவி.