பால் காய்ச்சுவதற்கு முன்

கன்னியம்மாள் ஈரத்துணியால் சமையலறைச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்கக் கரி பரவியதே தவிர, போகவில்லை. ராத்திரி மழையில், அவள் சமைக்கும் வாசலோரத் தகரக் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மகள் கீதாவுக்கு ஜுரம். வேறு வழியில்லாமல் இந்தப் புது மேடைக்குக் கீழே மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி வைத்தாள்.

அம்பத்தூரைத் தாண்டி ஏரிக்கரை வரைக்கும் வளர்ந்திருந்த அந்தப் புறநகரில் அவர்கள் குடியிருக்காத தெரு இல்லை. அவள் புருஷன் அன்பழகனுக்கு, கட்டுகிற வீடுகளில் காவல் வேலை. வீடு எழும்பும் வரை அதற்குள்ளேயே குடித்தனம். ரயில்வே நாயுடு வீட்டில் கூரை வருவதற்கு முன்பே குடியேறினார்கள். மலையாள நர்ஸம்மா வீட்டில் ஜன்னலுக்குச் சாக்கு கட்டிக்கொண்டார்கள். பள்ளிவாசல் தெரு பாய் வீட்டில் ஒரு நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி வந்தது. அடகுக்கடை சேட்டு, சர்ச் பக்கத்து டீச்சரம்மா, ஒரியாப் பையன்களுக்கென்று வரிசையாக அறை கட்டியவர் என்று எல்லா ஜாதி ஜனமும் அங்கே உண்டு. கதவு மாட்டியதும் எல்லோரும் கேட்டது மட்டும் ஒன்றுதான்: எப்போது காலி செய்கிறாய்?

இந்த வீடு ஆரணிப் பட்டு வியாபாரி ஜெகநாதன், கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகனுக்காகக் கட்டியது. அன்பழகனும் ஆரணியை ஒட்டிய களம்பூர்ப் பக்கம். அந்த ஊர்ப் பாசத்தில், கீதாவின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும் வரை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். அடுத்த வேலை பெரியபாளையம் பக்கம், வயல் நடுவே. அங்கிருந்து பள்ளிக்குப் பஸ் கிடையாது. போனால் பரீட்சையை மறக்க வேண்டியதுதான்.

மறுநாள் கிரகப்பிரவேசம். அன்று மத்தியானம் ஜெகநாதன் மனைவி தேவகியோடு வந்து இறங்கினார்.

"இங்க அடுப்பு பத்த வெச்சது யாரு?" என்றாள் தேவகி.

"நான்தாம்மா. கொட்டாயில தண்ணி பூந்துகிச்சு. பொண்ணுக்கு ஜொரம்."

தேவகி கணவனைப் பார்த்தாள். "பாத்தீங்களா? நாம பால் காய்ச்சறதுக்கு முன்னாடி இவங்க கஞ்சி காய்ச்சிகினு இருக்காங்க."

"தப்புதாங்க மொதலாளி. பரிகாரம் எதுனா சொல்லுங்க, செஞ்சிடறேன்" என்றான் அன்பழகன்.

"அதெல்லாம் ஐயர் பாத்துப்பாரு. விடியறதுக்குள்ள காலி பண்ணிடு" என்றார் ஜெகநாதன்.

"பரீட்சை வரைக்கும் இருக்கலாம்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். இப்ப அம்மாவுக்கு மனசு ஒப்பல. பேஜார் பண்ணாத."

அவர்கள் மாடிக்குப் போனதும் கன்னியம்மாள் துணியை வாளியில் எறிந்தாள்.

"கொத்தனாரு இங்கயே குந்திகினு பீடி புடிச்சாரு. வெல்டிங்காரன் நெருப்பா கொட்டினான். அதெல்லாம் நெருப்பு இல்லியா?"

"சும்மா இரு. டீக்கடையில கேட்டிருக்கக் கூடாதா?"

"அந்த மழையில எந்தக் கடை தொறந்திருந்துச்சு?"

அன்று சாயங்காலம் அன்பழகன் ஒண்ட ஓர் அறை கேட்டுத் தெருத் தெருவாக நடந்தான். நாயுடு கம்பிக் கதவுக்கு உள்ளிருந்தே, பேங்க்காரர்களுக்குத்தான் விடுவதாகச் சொன்னார். நர்ஸம்மா வீட்டில் நாய் மட்டும் வெளியே வந்தது. பாய் உட்காரவைத்து டீ கொடுத்து, மருமகன் வருகிறான் என்றார். டீச்சரம்மாவுக்கு அவனை அடையாளமே தெரியவில்லை.

விடியற்காலையில் வாசலில், பெரியபாளையம் போகக் குட்டியானை வண்டி நின்றது. பாயும் தலையணையும் பாத்திர மூட்டையும் ஏறிவிட்டன. கீதா மேலே உட்கார்ந்து துப்பட்டாவால் காதை மூடிக்கொண்டிருந்தாள். உள்ளே நாதஸ்வர கேசட் ஓடியது.

பால்காரர் பசுவையும் கன்றையும் ஓட்டிவந்தார். மஞ்சள் பூசிய நிலைப்படி வரை வந்த பசு, ஈர டைல்ஸைப் பார்த்து மிரண்டு பின்வாங்கியது. முகூர்த்தம் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார்.

"அன்பழகா, கொஞ்சம் கை குடு" என்று ஜெகநாதன் கூப்பிட்டார்.

அன்பழகன் வண்டிக் கயிற்றை விட்டுவிட்டு வந்தான். பசுவின் பின்தொடையில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். பசு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய், கூடத்து நடுவில் நின்று சாணி போட்டது.

"நல்ல சகுனம்" என்று தேவகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எல்லோரும் பசுவைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அன்பழகன் வெளிப்படியில் நின்று, தோளில் ஒட்டிய பசு மயிரைத் தட்டிவிட்டான்.