சாகத் தெரியாத சாமியார்

வெர்மண்ட் சாமியாருக்கு ஜுரம் என்ற செய்தி வந்த அன்று, எங்கள் மடத்தில் எல்லோரும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார்கள். எனக்கு மட்டும் அது சுலபமாக வந்தது. சாமியார் மேல் தனிப் பாசம் எதுவும் இல்லை. அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

என் பெயர் புக்கா. அல்ன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், வடகரையில் இருக்கும் பெண்கள் மடத்தில் சமையல் என் பொறுப்பு. தென்கரையில் ஆண்கள் மடம். இரண்டுக்கும் நேர் நடுவே, கடலுக்குள் ஒரு பாறைத் தீவு. அதில் கல்லை அடுக்கி ஒரு குடிசை கட்டிக்கொண்டு, கடல்நாய்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வெர்மண்ட் தவம் இருந்தார்.

அந்தக் கோடையில் ராஜா யான்ரிக் எங்கள் பக்கம் வந்தவர், சும்மா போகாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். இத்தனூண்டு ஊருக்கு இரண்டு மடம் எதற்கு என்பது அவர் கேள்வி. வெர்மண்டின் உடல் எந்த மடத்தில் அடக்கமாகிறதோ, அங்கே கல்லில் கோவில் எழும்பும், கண்ணாடி ஜன்னலோடு. இன்னொரு மடத்தை மூடிவிட்டு, அங்கே இருப்பவர்களைக் கோவில் எழும்பிய மடத்தில் சேர்த்துவிடுவார்கள். ராஜாவையும் குறை சொல்ல முடியாது. புனிதர் எலும்பு இருக்கிற இடத்துக்குக் குருடர்கள் வருவார்கள், நொண்டிகள் வருவார்கள், அவர்களைப் பார்க்க ஊரே வரும். எலும்பில்லாத மடத்துக்கு மழைதான் வரும்.

தென்கரைத் தலைவர் சியோலா அப்போதே எங்களுக்கு இடம் பார்த்துவைத்துவிட்டார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீளக் கூரை. அங்கே நாங்கள் துணி துவைக்கலாம், பேசக் கூடாது. பிறந்த வீட்டில் எனக்குச் சோறு இல்லை என்று ஆனபோது கதவைத் திறந்துவிட்டது வடகரை மடம். அந்த அடுப்பைத் தவிர எனக்கென்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. அதனால் வெர்மண்ட் எங்கள் கரையில்தான் சாக வேண்டும் என்று நானும் மற்றவர்களைப் போலவே மனதார ஜெபித்தேன்.

ஜுரம் ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரிசனத்துக்கு வருகிற பக்தர்கள் போகும்போது அவர் போர்வையில் ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டு போனார்கள். பிரசவத்துக்கு நல்லதாம், கழிச்சல் கண்ட மாட்டுக்கும் நல்லதாம். பன்றி அறுக்கிற மாதத்துக் குளிரில் ஒரு கைக்குட்டை அளவுக்கு மிஞ்சிய போர்வையைப் போட்டுக்கொண்டு படுத்தால் யாருக்குத்தான் ஜுரம் வராது?

எங்கள் தலைவி வில்கித்தம்மா ராஜ வம்சம். நல்லவர், பொய்யே பேசமாட்டார். அவரோடு இருக்கிற ஒரே தொந்தரவு அதுதான். கடல் வற்றும் நேரம் பார்த்து, என்னையும் கஞ்சிப் பானையையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஈர மணலில் விறுவிறுவென்று நடந்தார். நாங்கள் குடிசை வாசலை மிதிக்கவும், ஆழமான தென்பக்கமாக வந்த சியோலாவின் படகு பாறையில் முட்டவும் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. சியோலாவின் ஆட்கள் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார்கள், நாங்கள் கால்மாட்டைப் பிடித்தோம். அவர்கள் சங்கீதம் பாடிக்கொண்டே இழுத்தார்கள், நாங்களும் அதே சங்கீதத்தைப் பாடிக்கொண்டே இழுத்தோம். நடுவில் படுத்திருந்த வெர்மண்ட் ஒரு கண்ணைத் திறந்தார்.

“பாட்டாவது பாடுங்க, இல்ல இழுக்கவாவது செய்யுங்க. ரெண்டும் சேந்தா தலை சுத்துது,” என்றார்.

கட்டில் அசையவில்லை. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் எல்லோரும் தீவிலேயே கூடாரம் போட்டார்கள். சாமியார் கண்ணை மூடும் நொடியில் யார் கை அவர் மேல் இருக்கிறதோ, அவர்களுக்கே உடல் என்று ஒரு பேச்சு ஆகி, ஆளுக்கொரு பக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அத்தனை பேருக்கும் சமைப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை.

வில்கித்தம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“கஞ்சி கொஞ்சம் தண்ணியாவே இருக்கட்டும் புக்கா. மேல போறவருக்கு வயித்துல பாரம் எதுக்கு?”

தலையை ஆட்டினேன். ஆனால் தண்ணிக் கஞ்சி என் கைக்கு வராது. இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், அது என் திமிர். விலாங்கு மீனைத் துண்டு போட்டு, பார்லியைக் குழைய விட்டு, மேலே வெண்ணெய் மிதக்க இறக்கினால்தான் அதற்குப் பெயர் கஞ்சி. சாகப் போகிறவர் என்பதற்காக, புக்கா வைத்த கஞ்சி வாயில் வைக்க விளங்கவில்லை என்ற பேச்சோடு ஒருவரைப் பரலோகம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வெர்மண்ட் ஒரு வாய் குடித்தார். கண்ணில் நீர் கட்டியது.

“வருஷக்கணக்கா வெங்காயமாக் கொண்டாந்து கொட்டுறாங்க தாயி,” என்றார். “தபசிக்கு வெங்காயம்தான் புடிக்கும்னு எவன் சொன்னானோ, அவன் நல்லா இருக்கட்டும். இன்னொரு அகப்பை ஊத்து.”

ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை உதறிவிட்டுக் கிண்ணத்தைத் தானே பிடித்தார். அப்புறம் எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் வெளியே போய் மூத்திரம் பெய்துவிட்டு, இரண்டு கூடாரங்களையும் பார்த்து, எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்டார். அந்த நிமிடம் வில்கித்தம்மாவும் சியோலாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக இருவருக்கும் ஒரே வருத்தம்.

சியோலாவுக்கு மட்டும் வருத்தத்தோடு பயமும் இருந்தது. காரணம் பிற்பகலில் தெரிந்தது. ராஜாவின் படகு வந்தது, அதில் ஒரு பெரிய ஓக் மரச் சவப்பெட்டியும் வந்தது. ‘புனிதர் என் மடியில் தலைவைத்து உயிர் துறந்தார்’ என்று சியோலா முந்திக்கொண்டு ஆள் அனுப்பியிருந்தார், உடல் எப்படியும் தனக்குத்தான் என்ற நம்பிக்கையில்.

உயிர் துறந்தவர் வாசலில் வெயில் காய்ந்தபடி, மீன் தலைகளைக் கடல்நாய்களுக்கு எறிந்துகொண்டிருந்தார். ராஜா அவரைப் பார்த்தார், பிறகு சியோலாவைப் பார்த்தார். ராஜாவிடம் பொய் சொன்னால் எங்கள் ஊரில் நாக்கு மிஞ்சாது. சியோலாவுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

“செத்தது நிஜம் ராஜா. நான்தான் கண்ண மூடிவிட்டேன்,” என்றார். “அப்புறம் எந்திரிச்சுட்டாரு.”

“நானா?” என்றார் வெர்மண்ட். “எப்போ?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க செத்துல்ல கெடந்தீங்க,” என்று சியோலா அதட்டினார்.

ராஜா ஈரப் பாறையில் அப்படியே முழங்காலிட்டார். கூட வந்த வீரர்களும் கவசம் சடசடக்க முழங்காலிட்டார்கள். செத்தவரை எழுப்பிய கை யாருடையது என்று ராஜா கேட்டார். வெர்மண்டுக்கு எரிச்சல், எப்படியாவது எல்லோரையும் தீவிலிருந்து கிளப்பிவிட வேண்டும் என்ற அவசரம். யோசிக்காமல் என் பக்கம் கையை நீட்டினார்.

“இந்தா நிக்கிறா பாருங்க, இவதான். இவ கஞ்சி இல்லன்னா நான் போய்ச் சேந்திருப்பேன்.”

நான் ராஜாவின் முன்னால் போய் விழுந்தேன். ராஜா, இவர் சாகவே இல்லை, வெறும் ஜுரம், அதுவும் போர்வை இல்லாத ஜுரம் என்று கெஞ்சினேன். கேட்கக் கேட்க ராஜாவின் முகத்தில் பக்தி கூடிக்கொண்டே போனது.

“அடக்கத்தப் பாத்தீங்களாடா,” என்று வீரர்களிடம் சொன்னார்.

அங்கேயே தீர்ப்பும் ஆகிவிட்டது. கோவில் இனி வெர்மண்டுக்கு இல்லை. புக்காவின் உடல் எங்கே அடக்கமாகிறதோ அங்கேதான். அதுவரை இரண்டு மடமும் இருக்கட்டும். இவ்வளவு தூரம் கொண்டுவந்த பெட்டியைத் திரும்பத் தூக்கிப் போவானேன் என்று என் உயரத்துக்கு அளந்து பார்த்தார்கள். கொஞ்சம் தாராளமாகத்தான் இருந்தது. போகப் போகச் சதை போடுவாள் என்று ராஜா பெட்டியை எனக்கே விட்டுவிட்டுப் போனார்.

மடம் பிழைத்தது. அழுதேன், சந்தோஷத்தில்தான். அந்தச் சந்தோஷம் மடத்துக்குத் திரும்பும்வரை இருந்தது.

சியோலா இறகுத் தலையணை அனுப்பினார். தென்கரைக் காற்று மார்புச் சளிக்கு நல்லது, ஒரு மாதம் வந்து தங்கிப் போகலாமே என்று சொல்லி அனுப்பினார். எனக்குச் சளி இல்லை. எங்கள் மடத்திலோ என்னை ஆற்றங்கரைக்குக்கூட விடுவதில்லை, தடுக்கி விழுந்தால் வெள்ளம் தென்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். காலையில் கண் விழித்தால் கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். நான் விழித்ததும், ஓ, விழித்துவிட்டாயா என்கிறார்கள். என்னை யாரும் இவ்வளவு பிரியமாகப் பார்த்ததே இல்லை. பன்றி அறுக்கிற மாதத்தில் பன்றியை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

போன வாரம் ஒரு தும்மல் போட்டேன். வில்கித்தம்மாவே ஓடிவந்து நெற்றியில் கை வைத்தார். சூடு இல்லை என்றதும் அந்தக் கை கொஞ்சம் தயங்கி இறங்கியது. வீட்டிலிருந்து விரட்டப்பட்டு வந்த என்னை வாசலில் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனவர் அவர்தான். பெற்ற தாயைவிட எனக்கு அவர்மேல் பாசம். அதனால் கேட்டுவிட்டேன்.

“நான் செத்தா நீங்க அழுவீங்களாம்மா?”

அவருக்குத்தான் பொய் சொல்ல வராதே. ஜன்னல் வழியாக அக்கரையைப் பார்த்தபடி நிஜமாகவே யோசித்தார்.

“அது நீ எங்க சாகறேங்கறதப் பொறுத்தது, புக்கா,” என்றார்.