பீடத்தின் உயரம்

காலையில் எழுந்து பல் தேய்த்தேன். பால் காய்ச்சிக் காப்பி போட்டேன். ஒரு டம்ளர் போதும். தேரடித் தெரு வழியாகச் சைக்கிளில் காட்சிசாலைக்குப் போனேன்.

வயல்களில் கிடைத்த சமணச் சிலைகளுக்காக எங்கள் சங்கம் கட்டும் காட்சிசாலை அது. சிலைகளை வைக்கும் பொறுப்பு என்னுடையது. ஆளுயரச் சிமெண்டுப் பீடங்களை முழங்கால் உயரத்துக்கு இடிக்கச் சொன்னேன்.

சங்கத் தலைவர் ஜம்புகுமார் ஓடி வந்தார். என் மனைவி சுனந்தாவின் பெரியப்பா.

"என்ன மாப்ளே, சாமிய நம்ம காலுக்கு எறக்குறதா? ஊரு காறித் துப்பும்."

"உக்காந்து பாக்குறவங்களுக்கும் தெரியணும் மாமா."

"ஊனமுற்றோர் ஆண்டுனு ரேடியோல சொன்னா, உடனே வந்து குவியப் போறாங்களாக்கும்!"

"சுனந்தா வந்தாளே."

அவர் தலை குனிந்தார். கால்கள் செயலிழந்த சுனந்தாவைப் போன மாதம் சக்கர நாற்காலியில் இங்கே அழைத்து வந்தேன். வீடு திரும்பியதும் நினைவு தப்பி, மறுநாள் இறந்துபோனாள்.

"இடிச்சுக்கோ. ஏச்சு வாங்குறது நான்தான்" என்றார்.

அருகன் பெயரைச் சொல்லி உயிர் விட்டதாக அவள் அம்மா எல்லோரிடமும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. அவள் கடைசியாகப் பேசியது இங்கேதான், ஆதிநாதர் சிலைக்கு முன்னால்.

"சாமி நல்லாதான் இருப்பாரு. எனக்கு சிமெண்டுதாங்க தெரியுது."