பல்வலிக்காரர்கள் பெஞ்சு

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வாரம் தவறாமல் பல் டாக்டரிடம் போகிறார். ஆனால் வாயில் ஒரு பல்லுக்கும் சேதம் இல்லை. அவர் தூங்கும்போது டார்ச் அடித்து நானே பார்த்தேன். பஸ்ஸில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்த மனுஷன், இப்போது வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறார். கேட்டால், "பல்வலி." ஒரு விஷயம் புரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு, அடுத்த வாரம் அவர் பின்னாலேயே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

வராந்தாவில் ஒரு பக்கம் பல் பிரிவு. எதிரே மனநலப் பிரிவு. மனநலத்துக்குச் சுற்றுவட்டாரத்துக்கே ஒரு டாக்டர், அதுவும் வாரத்தில் ஒரு நாள்தான். அந்தப் பெஞ்சில் ஈ காக்கா இல்லை. பல் பெஞ்சிலோ எள் போட்டால் எள் விழாத கூட்டம். எல்லோரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள், இவர் உட்பட. நிஜமாகவே கன்னம் வீங்கிய ஒருவர்தான் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

இது என்ன கூத்து என்று தூணோரம் நின்று பார்த்தேன். மனநலப் பிரிவு நர்ஸ் வெளியே வந்தார். காலியாகக் கிடந்த தன் பெஞ்சை அவர் பார்க்கவே இல்லை. பல் பெஞ்சிலிருந்த ஒரு அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். அந்த அம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று எதிர் அறைக்குள் நுழைந்தார். அடுத்து ஒரு காலேஜ் பெண். ஊர் வாய்க்குப் பயந்து இத்தனை பேரா! சிரிப்புதான் வந்தது. அடுத்து நர்ஸ் இவரைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

எழுந்தவர் என்னைக் கண்டுவிட்டார். முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"வா, வீட்டுக்குப் போலாம். வலி விட்டுடுச்சு."

இன்றைக்குத் திரும்பினால் இனி வரவே மாட்டார். குறுக்கே போய் நின்றேன்.

"ஏங்க, பல்லுல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். வலி எங்கன்னு தெரியாம நான் நகர மாட்டேன்."

"டிப்போவுல தெரிஞ்சா பைத்தியம்னுடுவாங்கடி."

"சொல்லிட்டுப் போறாங்க. வாங்க."

நர்ஸ் கதவைப் பிடித்தபடி நின்றார். "அவரை மட்டும் அனுப்புங்கம்மா."

"இவளும் வரட்டும்" என்றார் இவர்.

உள்ளே போனதும், இந்த வாரம் எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டார். இவர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"ஓடற பஸ்ல படியில நிக்கிறப்ப, கம்பியை விட்டுட்டா என்னன்னு தோணுது. இதை டாக்டர்கிட்டகூட இன்னும் சொல்லல."

எனக்கு அழுகை முட்டியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பலேருந்துங்க?" என்று கேட்டேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.