சலவைக்கடையின் மஞ்சள் கவுன்

நகரத்தின் பழைய சலவைக்கடையில், யாரும் வந்து வாங்காமல் விட்டுப்போன துணிகள் தங்கள் சொந்தக்காரர்களோடு சேர்ந்து வளர்ந்தன. இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. மறந்துபோனவன் சின்னப் பையனாக இருந்தால் அவன் கால்சட்டை ஆண்டுக்கு ஆண்டு நீளும். பெரியவராக இருந்தால் கோட்டின் வயிற்றுப் பக்கம் அகலும். கடையை ஆரம்பித்தவர் காலத்திலிருந்தே இப்படித்தான். அவருடைய பேரன் கடையைப் பார்த்துக்கொண்ட நாட்களில், பள்ளிச் சீருடையை விட்டுப்போன பையன் ஒருவன் போலீஸ்காரராகத் திரும்பி வந்து அதைப் போட்டுப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியாதே என்பதுதான் அவருடைய ஒரே வருத்தம். இன்னொருவர் பல வருஷம் கழித்து வந்து, "என் கோட்டு இவ்ளோ பெருசு இல்ல, யாரோடதையோ மாத்திக் கொடுக்கறீங்க" என்று சண்டைக்கு நின்றார். "கோட்டும் உங்களோடதுதான் சார், வயிறும் உங்களோடதுதான்" என்று பேரன் பணிவாகச் சொன்னார். சொந்தக்காரர் இறந்துபோனால் துணி அன்றைய அளவிலேயே நின்றுவிடும். அப்படி நின்றதைக் கடைக்காரர்கள் மடித்துத் தனி அலமாரியில் வைப்பார்கள். அதைப் பற்றிப் பேசுவது வியாபாரத்துக்கு நல்லதல்ல என்று பேசுவதில்லை.

வெளியூர்க்காரர்கள்தான் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். நகரத்துக்காரர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. அதே தெருவில் இருந்த குடைக்கடையின் பெயர்ப்பலகை மழைக்கு முந்தின நாளே நனைந்துவிடும். பொத்தான் கடையில், தொலைந்த பொத்தானுக்கு ஜோடி கேட்டால், டப்பாவைக் கவிழ்க்க வேண்டியதே இல்லை. அது தானாக மேலே வந்து நிற்கும். ஜவுளிக்கடையில் எவ்வளவு கத்தரித்தாலும் கேட்ட அளவைவிட ஒரு விரற்கடை கூடுதலாகவே இருக்கும். நூறு வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்தால் கடைக்கு இப்படி ஏதாவது ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும் என்பது அந்தத் தெருவின் கருத்து.

நகரம் தன் இருநூற்று எழுபத்தைந்தாவது பிறந்தநாளைக் கொண்டாடியபோது, ஊர்வலத்தில் நடந்தவர்கள் எல்லோருடைய சீருடையும் அந்தச் சலவைக்கடையில்தான் வெளுக்கப்பட்டது. பேரனும் அவர் மனைவியும் பல நாள் சரியாகத் தூங்கவில்லை. அவர்களுக்கு ஒரே மகள், ஏழு வயது. யார் பின்னாலாவது ஒட்டிக்கொண்டே திரிவாள் என்பதால் தெருவே அவளை வாலு என்றுதான் கூப்பிட்டது. அவளுடைய மஞ்சள் கவுனில் மை கொட்டிவிட்டதால் அதை ஊறப்போட்டுவிட்டு, புதுத் துணி உடுத்தி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். ஊர்வலம் கடையைத் தாண்டும்போது ஒருவர் வரிசையிலிருந்து ஓடிவந்து, சட்டையில் பொத்தான் போய்விட்டது, சீக்கிரம், சீக்கிரம் என்று நின்றார். அம்மா குனிந்து பொத்தானைத் தைத்து, பல்லால் நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்தபோது வாலுவைக் காணோம். அம்மா கத்தினாள். முரசும் ஊதுகுழலும் ஒலிபெருக்கி வண்டியும் சேர்ந்த இரைச்சலில் அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. ஊர்வலம் முடிந்து தெரு காலியானபோது தரை முழுக்கக் காகிதக் குப்பை இருந்தது, பிள்ளை இல்லை. போலீஸ் தேடியது, தெரு தேடியது, ஆற்றிலும் தேடினார்கள்.

ஊறப்போட்ட கவுனைப் பல நாள் கழித்துத்தான் அம்மா அலசினாள். மை போய்விட்டது. இஸ்திரி போட்டு, அதற்கு ஒரு டோக்கன் எழுதிக் குத்தி, வாங்காமல் போன துணிகளின் வரிசையில் அவளே மாட்டினாள். அடுத்த வருஷம் நகரத்தின் பிறந்தநாளன்று கவுன் நான்கு விரல் நீண்டிருந்தது. செய்தி ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. பிள்ளை எங்கோ உயிரோடு இருக்கிறாள், வளர்கிறாள்! தன்னுடைய கொண்டாட்டத்தில் ஒரு குழந்தையைத் தொலைத்துவிட்ட குற்ற உணர்ச்சியோடு இருந்த நகரம் பெருமூச்சு விட்டது. அதன்பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்று கவுனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "நல்ல உயரம், அப்பா மாதிரி" என்றார்கள். "பத்து வயசுக்கு இது அதிகம்" என்று சிலர் நொட்டையும் சொன்னார்கள். வந்த கையோடு தங்கள் அழுக்குத் துணியையும் போட்டுவிட்டுப் போனதால் கடைக்கு வியாபாரமும் கூடியது.

உண்மை என்னவென்றால், கவுன் ஒரு நூலிழைகூட வளரவில்லை. முதல் வருஷம் முழுக்க அப்பா தினமும் அதை அளந்து பார்த்தார். மனைவி அந்தப் பக்கம் போனதும் டேப்பை எடுப்பார், அவள் வந்ததும் சட்டைப்பைக்குள் திணிப்பார். துணி நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்பது அவருக்கு அவருடைய தாத்தா காலத்திலிருந்தே தெரியும். தெரிந்ததை மனைவியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவள் தன் அக்கா வீட்டுக்குப் போவாள்; அந்த நேரத்தில் பின்னறை மிஷினில் உட்கார்ந்து விளிம்பில் ஒரு பட்டி சேர்த்துத் தைத்தார். அதே மஞ்சள் துணியை ஜவுளிக்கடைக்காரர் கொடுத்தார். எதற்கென்று அவர் கேட்கவில்லை. புதுத்துணியின் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று, அந்தத் துணியில் கொஞ்சத்தைத் தன் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் வெயிலில் தொங்கவிட்டு, கவுன் வெளுத்த அளவுக்கு வெளுக்கவைத்து, வருஷாவருஷம் எடுத்துக் கொடுத்தார். யாராவது விலை கேட்டால் "அது விக்கறதுக்கு இல்லைங்க" என்பார். பொத்தான் கடைக்காரர் அதே வார்ப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய பொத்தான்களைத் தேடித் தந்தார். இந்த நகரத்தின் பழைய கடைகளைப் பற்றி என்னென்னவோ புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். இதை எழுத யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்கு முதல் வருஷமே தெரியும். தானாக வளர்ந்த துணியில் தையல் இருக்காது. இஸ்திரிப் பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். இதில் விளிம்பிலேயே தட்டியது. அது மட்டுமில்லை, கணவர் கடைக்கு வெளியே போன நேரங்களில் அவளும் சாண் வைத்து அளந்து பார்த்தவள்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. யார் கண்ணுக்கும் படாதபடி தையலின் மேல் தண்ணீர் தெளித்து, பெட்டியை அழுத்தி அழுத்தித் தேய்த்துத் தட்டையாக்கினாள். தனக்கு இவ்வளவு நன்றாகத் தைக்க வருமா என்று அப்பாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. அக்கா வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் அவள் அதைக் கணவரிடம் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிப் போனாள். குடைக்கடையில் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். மிஷின் ஓடி முடியட்டும் என்று சாயங்காலம் வரை அங்கே உட்கார்ந்திருப்பாள்.

பிள்ளைக்கு இருபத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டிய வருஷத்தில் கவுன் இடுப்பில் அகன்றது. அடுத்த வருஷம் மறுபடி சுருங்கியது. தெருப் பெண்கள் இனிப்போடு வந்து பாட்டியாகிவிட்டதற்காக அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். அம்மா சிரித்து, எல்லோருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இவ்வளவு நாளும் அவர் தனக்காகத்தான் தைக்கிறார் என்று நினைத்திருந்தாள். பாவி மனுஷன் தனக்கே ஒரு பேரப்பிள்ளையைத் தைத்துக்கொண்டு விட்டாரே என்று அவளுக்குத் தாங்கவில்லை.

முந்நூறாவது பிறந்தநாள் வந்தது. நூறு ஆண்டுகளைக் கடந்த கடைகளைக் கௌரவிப்பதென்று விழாக்குழு முடிவு செய்தது. குழுவின் செயலாளரம்மா சலவைக்கடைக்கு வந்து, மஞ்சள் கவுனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாநகர மண்டபத்தின் நடுவில் நிறுத்தப் போவதாகச் சொன்னார். பெட்டியின் மேல் 'இந்நகரம் யாரையும் தொலைப்பதில்லை' என்று பொறிக்கவும் ஏற்பாடாகிவிட்டது. அதற்கு முன் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு துணி நிபுணர் வந்து பார்த்துச் சான்று தருவார், வெறும் சம்பிரதாயம்தான் என்றார். முடியாது என்று சொன்னால் மனைவி ஏன் என்று கேட்பாள் என அப்பா தலையாட்டினார். அவரே தலையாட்டிய பிறகு தான் மறுத்தால் தனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிடும் என அம்மாவும் தலையாட்டினாள். செயலாளரம்மா இருவருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார்.

நிபுணர் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கும் கிளம்பவில்லை. "அக்கா வீட்டுக்குப் போகலையா?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். அவள் கவுனை எடுத்துவந்து மேசையில் குப்புறப் போட்டு, விளிம்பைத் திருப்பி, சின்னக் கத்தரியால் கடைசிப் பட்டியின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"உங்க தையல் எனக்குத் தெரியாதா? முடிக்கிற இடத்துல ரெண்டு குத்து சேர்த்துப் போடுவீங்க. மொத வருஷமே தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? நீங்க அவள வளர்த்துக்கிட்டு இருந்தீங்க. வேணாம்னு சொல்லச் சொல்றீங்களா?"

"உனக்காகத்தான்..."

"தெரியும். நானும் உங்களுக்காகத்தான் தேச்சேன்." அவள் நூலை ஊதித் தள்ளினாள். "பிரிங்க. அந்தக் கைப்பக்கம் நீங்க பிரிங்க. அவ ரொம்ப நாளா நிக்கறா."

இருவருமாகப் பிரித்தார்கள். முப்பது, இருபத்தைந்து, இருபது, பதினைந்து என்று வயது குறைந்துகொண்டே வந்தது. பேரப்பிள்ளைக்காகச் சேர்த்து, பிறகு உள்பக்கம் மடித்துத் தைத்திருந்த இடுப்புத்துண்டை மட்டும் அவர் கையில் வைத்துக்கொண்டு கீழே போடமாட்டேன் என்றார். அவள் அதை மெல்ல வாங்கி மடித்தாள். வெளிச்சம் குறையத் தொடங்கியபோது மேசையில் ஏழு வயதுப் பிள்ளையின் கவுன் மட்டும் கிடந்தது. இவ்வளவு சின்னதாகவா இருந்தாள் என்று அப்பா கேட்டார். ஆமாம், இவ்வளவுதான் இருந்தாள் என்றாள் அம்மா.

மறுநாள் நிபுணர் கவுனை அளக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். செயலாளரம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "இது வளரவே இல்லையே?" என்றார். "வளரலைங்க" என்று அப்பா சொன்னார். இருபத்தைந்து வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. பொறித்த வாசகத்தை என்ன செய்வதென்று விழாக்குழு கூடிப் பேசி, கண்ணாடிப் பெட்டியில் குடைக்கடையின் பழைய குடை ஒன்றை வைத்து, வாசகத்தை மேயரின் கையெழுத்துப் பலகையால் மறைத்தது. சலவைக்கடைக்கு நீண்டகாலச் சேவைக்கென்று ஒரு கேடயம் வந்தது. அம்மா கவுனைத் தனி அலமாரியில் வைக்கவில்லை. கடையின் முகப்பில், தெருவைப் பார்த்தபடி மாட்டினாள்.

முந்நூறாவது பிறந்தநாளன்று ஊர்வலம் சலவைக்கடைக்கு முன்னால் வந்தபோது சத்தம் நின்றது. ஊர்வலம் நிற்கவில்லை, சத்தம் மட்டும்தான் நின்றது. முரசுக்காரர்கள் கோலை ஓங்கி அடித்தார்கள், ஊதுகிறவர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள், ஒலிபெருக்கி வண்டியில் ஒருவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். பூட்ஸ் கால்கள்கூட ஓசையில்லாமல் தரையில் விழுந்தன. அம்மா அன்று நின்ற அதே இடத்தில் வாசலில் நின்றிருந்தாள். என்ன நடக்கிறதென்று அவளுக்குப் புரிந்ததும், கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்துக் கூப்பிட்டாள்.

"வாலு! ஏய் வாலு! எங்கடி இருக்க? இங்க வா!"

அந்தக் குரல் தெருமுனை தாண்டிப் போயிற்று. மண்டபத்தில் மேயருக்குக் கேட்டது. ஆற்றுப்பாலத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கைகளிலும், புறப்பட இருந்த ரயில்களிலும், சந்தையிலும், நகரத்தில் காது உள்ள எல்லோருக்கும் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பக்கத்தில் நின்ற அப்பா வாய்விட்டு அழுததும் நகரம் முழுவதற்கும் கேட்டது. "வாங்க, உள்ள போலாம்" என்று அவள் அவர் தோளைத் தொட்டாள். அவர்கள் உள்ளே போன பிறகும், வரிசையின் கடைசி ஆள் கடையைத் தாண்டும் வரை சத்தம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஊர்வலமும் அந்தக் கடையைச் சத்தமில்லாமல்தான் கடக்கிறது. வாத்தியக்காரர்கள் மனசுக்குள் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தபடியே போகிறார்கள்; பொத்தான் கடை வந்ததும் அவர்கள் வாசிப்பு மறுபடி கேட்கத் தொடங்குகிறது. அந்தத் தூரத்துக்காக யாரும் கூலியைக் குறைப்பதில்லை. வேடிக்கை பார்க்க நிற்கிறவர்கள் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், அது யார் வீட்டுக் குழந்தையாக இருந்தாலும்.