பனியாறு, சோறு கறியோடு

ஒரு பனியாற்றின் விலை அறுநூற்று நாற்பத்தொன்பது பவுண். ஆயிரக்கணக்கான வருசமாய் அந்த ஐஸை இறுக்கி வைத்த ஆண்டவர் ஒரு சதமும் கேட்கவில்லை. விலையைப் போட்டது எட்வேட், தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் பயண ஒபிஸ் வைத்திருப்பவன். விமானம், இரண்டு இரவு ஹோட்டல், பஸ், நேரத்துக்குச் சோறு கறி, எல்லாம் உள்ளடக்கம். மன்னார்க் கடைத்தெருவில் வளர்ந்த செல்வமலருக்கு அறுநூற்றைம்பதில் அந்த ஒரு பவுண் ஏன் குறைந்தது என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் விழுந்தாள்.

விழுந்ததற்குக் காரணம் இருந்தது. இருபத்து மூன்று வருசம் அவள் ஒரு கோல்ட் ஸ்டோரில் உறைந்த மீன் பெட்டி கட்டினவள். உள்ளே மைனஸ் இருபது. இரண்டு சோடி கையுறை போட்டும் விரல் நுனி வெளுத்து மரத்துப் போனது. இப்போதும் கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையைச் சூடு தெரியாமல் பிடிப்பாள். பென்சன் வந்த அன்று அவளுக்கு ஒரே ஓர் ஆசை. எவனும் சுவிச் போடாமல் தானாய் உறைந்த ஐஸ் முன்னால் போய் நிற்கவேணும். பெட்டி கட்டச் சொல்லி ஒருத்தரும் கத்தாமல், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, போதுமென்கிற மட்டும் பார்க்கவேணும்.

எட்வேட் கோயில் பங்குச் சனத்தை லூர்து, பாத்திமா என்று மாதா கோயில்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழகினவன். அந்த யாத்திரைகளுக்குச் சமையற்காரனையும் சட்டியையும் கூடவே ஏற்றுவது அவன் வழக்கம். சோறு பிந்தினால் மாதா கோபிக்கமாட்டா. கோயிலும் எங்கேயும் போகாது. அதே வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஜனவரியில் ஐஸ்லாந்துக்குப் போனான். அங்கே ஜனவரியில் பகல் பதினொரு மணிக்குத்தான் கண் முழிக்கும், நாலு மணிக்குப் போர்த்துக்கொண்டு படுத்துவிடும்.

பனியாற்றுக்கு இன்னும் இருபது நிமிச ஓட்டம் இருக்க, ஒன்றரை மணிக்கு, பஸ்ஸை ஒரு வெட்டவெளியில் நிறுத்தினான். சமையற்காரன் பிரவீணன் காஸ் அடுப்பை இறக்கினான். நாற்பத்திரண்டு பேருக்குச் சோறு, பருப்பு, ஆட்டிறைச்சிக் கறி. காற்று அடுப்பை ஊதி ஊதி அணைத்தது. நாலு பேர் சுற்றிவர நின்று போர்வை பிடித்தார்கள். செல்வமலர் மூன்று தரம் எட்வேட்டிடம் போய்ச் சொன்னாள், "தம்பி, பொழுது போகுது." மூன்று தரமும் ஒரே மறுமொழி: "ஐஸ் எங்கை அக்கா ஓடப்போகுது? சோறு அவியட்டும்."

சோறு அவிந்து, சனம் சாப்பிட்டு, சட்டி கழுவிப் போய்ச் சேர ஐந்து மணி. கும்மிருட்டு. எட்வேட் பஸ் லைட்டை அடிக்கச் சொன்னான். அந்த வெளிச்சத்தில் சாம்பல் நிறத்தில் மதில் மாதிரி ஏதோ தெரிந்தது. எல்லோரும் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தார்கள். படத்தில் அவரவர் பல்லுத்தான் விழுந்தது. பத்து நிமிசத்தில் குளிருது என்று ஏறிவிட்டார்கள்.

செல்வமலருக்கு அதைவிட வயிறெரிந்தது ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில்.

"திறமான ட்ரிப்!" என்றாள் கூட வந்த துசியந்தி. "அந்தக் குளிருக்குள்ளை அந்த இறைச்சிக்கறி!"

"ஐஸைப் பார்த்தனீயோ?"

"ஐஸ் கிடக்கட்டும் அக்கா. அது பிரிஜ்ஜுக்குள்ளையும் இருக்கு."

செல்வமலர் கையிலிருந்த பற்றீசைக் கடிக்காமலே வைத்துவிட்டு வந்தாள்.

செவ்வாய் காலை எட்வேட்டின் மாடிப்படி ஏறினாள். மேசையில் மாதா சுரூபம், பக்கத்தில் பிளாஸ்டிக் விமானம். சுவரில் நீலமாய் மின்னும் பனியாற்றுப் போஸ்டர். அதன் அடியில் ஜூன் மாதப் பயணத்துக்கும் அதே விலை.

"வாங்கோ அக்கா. அடுத்த ட்ரிப்புக்கோ?"

"போன ட்ரிப்பே இன்னும் முடியேல்லை. ஐஸை எப்ப காட்டப்போறீர்?"

"காட்டினனான்தானே. பஸ் லைட்டிலை."

"கலியாணப் பொம்பிளையை டோர்ச் அடிச்சோ காட்டுறவை?"

எட்வேட் சிரித்துக்கொண்டு ஒரு கட்டுத் தாளை எடுத்துப் போட்டான். பயணம் முடிய எல்லோரும் எழுதிக் கொடுத்த அபிப்பிராயங்கள். "நாற்பத்தொரு பேர் சாப்பாடு மிகத் திறம் எண்டு எழுதியிருக்கினம். நீங்கள் மட்டும் வெறுந்தாள். ஆனா அக்கா, கோவிக்காதேங்கோ, நீங்களும் ரெண்டாந்தரம் இறைச்சி வாங்கினனீங்கள். என்ரை கண்ணாலை கண்டனான்."

உண்மைதான். கோபத்தோடுதான் வரிசையில் நின்றாள், ஆனாலும் பிளேட்டை நீட்டினாள். கறியும் நல்ல கறி. செல்வமலருக்குக் காது சுட்டது.

"ஓம், திண்டனான். அந்தக் காசைக் கழியும். இறைச்சி திங்கவோ நான் கடல் தாண்டினனான்? கீழ்க்கடையிலை பதின்மூண்டு பவுணுக்கு ஒரு கிலோ வாங்கலாம்."

"அப்பிடியெண்டால் அக்கா, ஐஸுக்கெண்டு நான் தனியா ஒண்டும் எடுக்கேல்லை. அது ப்ரீ. ப்ரீயாப் பார்க்கிறதுக்கு என்னெண்டு காசு திருப்பித் தாறது?"

அகப்பட்டான். செல்வமலர் எழுந்து போய்ப் போஸ்டரில் விரலை ஊன்றினாள்.

"அப்ப இதை ஏன் ஒட்டினனீர்? இறைச்சிச் சட்டியைப் படமெடுத்து ஒட்டும். ஒரு பிளேட் அறுநூற்று நாற்பத்தொன்பது பவுண் எண்டு எழுதும். எத்தினை பேர் வருகினம் பாப்பம்."

எட்வேட் மாதாவைப் பார்த்தான். மாதா விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"சரி, முந்நூறு தாறன்."

"காசு வேண்டாம்."

அவன் தொழிலில் இந்தச் சொல்லை அவன் கேட்டதே இல்லை. கதிரையில் நிமிர்ந்தான்.

"ஜூன் ட்ரிப்பிலை பாதி விலைக்கு..."

"முழுக்க ப்ரீ. காட்டாத சாமானுக்கு ரெண்டாந்தரமும் காசு குடுக்க எனக்கென்ன விசரோ?"

"அக்கா, விமான டிக்கெற் ஆர் தாறது?"

"ஜூனுக்கு வெம்பிளிச் சனம் முப்பது பேர் புக் பண்ணியிருக்காம். வாற ஞாயிறு அவையின்ரை கோயில் வாசலிலை நிண்டு என்ரை போனிலை கிடக்கிற படத்தைக் காட்டுறன். முழுக் கறுப்பு. நடுவிலை துசியந்தியின்ரை பல்லு."

எட்வேட் நெற்றியைத் தேய்த்தான். "சரி, வாங்கோ. ஜூனிலை அங்கை இருட்டுறதே இல்லை."

"அப்ப மூண்டு தரம் சமைப்பீர். முதல் ஐஸ், பிறகு சோறு எண்டு எழுதித் தாரும்."

"அஞ்சு மாசம்தானே அக்கா, எழுத்தெல்லாம் ஏன்? ஐஸ் எங்கை ஓடப்போகுது?"

அந்தச் சொல்லைத்தான் அவன் சொல்லியிருக்கக்கூடாது.

"ஓடுது எட்வேட்! நீங்கள் எல்லாரும் படம் எடுக்கேக்கை பஸ் ட்ரைவர் எனக்குச் சொன்னவர். அவர் பள்ளிக்கூடம் போன காலத்திலை பஸ் நிண்ட இடம் வரைக்கும் ஐஸாம். நீர் சோறு அவிச்ச மூண்டு மணித்தியாலமும் அது ஓடினது, இப்பவும் ஓடுது. ஊரிலை கடன் எண்டால் கிடக்கக் கிடக்க ஏறும். நீர் எனக்குத் தரவேண்டிய கடன் கிடக்கக் கிடக்கக் கரையுது."

போஸ்டரைச் சுவரிலிருந்து உரித்தாள். மேசையில் கவிழ்த்துப் போட்டு, மரத்த விரலால் பேனையை இறுக்கிப் பிடித்து, பின்பக்கத்தில் எழுதினாள். எட்வேட் கையெழுத்து வைத்தான்.

செல்வமலர் கொடுத்தது: 649 பவுண்.
பெற்றது: விமானம், போகவும் வரவும். ஹோட்டல், இரண்டு இரவு. சோறு, ஏழு நேரம். இறைச்சி இரண்டாந்தரம் வாங்கியதும் இதில் அடக்கம்.
எட்வேட் தரவேண்டிய பாக்கி: பனியாறு ஒன்று, பகல் வெளிச்சத்தில், சோற்றுக்கு முன்.
அதுவரை கரைகிற ஐஸ் எட்வேட்டின் பற்றுக் கணக்கில்.